ஒரு நோய்க்கு இனம் முளைத்த கதை

நீலகிரியில் அவலாஞ்சி அணையின் தண்ணீர் குந்தா, கெத்தை என்று மின்நிலையம் மின்நிலையமாக மலையிறங்கிப் பில்லூரில் போய் நிற்கும். மேலே, ஆறாயிரம் அடிக்கும் மேல், தோடர் குடியிருப்புகளான மந்துகள். கீழே காட்டுச் சரிவில் இருளர் ஊர்களான பதிகள். மேலே குளிர், கீழே கொசு. இந்த இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

1904, சிகாகோ. கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்ற கறுப்பின மாணவர் மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல, கதிர் அறுக்கும் அரிவாள்போல வளைந்திருந்தன. அயர்ன்ஸின் மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக்கினார். 1922இல் 'அரிவாள் செல் ரத்தசோகை' என்று பெயர் விழுந்தது.

அதற்குள் எழுதப்பட்ட நோயாளிகள் எல்லோரும் கறுப்பர்கள். ஆகவே இது கறுப்பர் நோய் என்று முடிவாயிற்று. வெள்ளைத் தோல்காரர் ஒருவருக்கு இது வந்தபோதும் முடிவை யாரும் திருத்தவில்லை. அவர் வம்சத்தில்தான் கறுப்பு ரத்தத்தைத் தேடினார்கள். நோய் இனத்துக்குச் சாட்சி, இனம் நோய்க்குச் சாட்சி.

1949இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு, கோளாறு சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கிறது என்று காட்டியது. அந்தக் குழுவில் ஒருவர் ஹார்வி இட்டானோ. ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, போர்க் காலத்தில் சொந்த நாடான அமெரிக்காவே முகாமில் அடைத்து வைத்தவர்.

1952இல் கதை நீலகிரிக்கு வருகிறது. ஆய்வாளர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நம் மலை மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தார்கள். இருளர், குறும்பர், பணியரிடம் அதிகம், தோடரிடம் குறைவு. அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது. கறுப்பர் நோய் என்ற தீர்ப்பு அத்துடன் உடைந்திருக்க வேண்டும்.

லேமன் ஜெர்மனியை விட்டு வந்த யூதர். இங்கிலாந்திலும் சில காலம் 'எதிரி நாட்டான்' என்று அடைபட்டவர். இனக்கொள்கை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் இந்த ரத்தத்துக்கு விளக்கம் தேடியபோது அவர் கை போனது இன்னொரு இனப் பெயருக்கு: 'வேடாய்டு'. இந்தப் பழங்குடி இனத்தின் வழியாகவே அரிவாள் மரபணு பரவியது என்று எழுதினார்.

விடை 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்த மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து உயிரைக் காக்கும், இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகும் என்று ஆய்வாளர் அந்தோனி ஆலிசன் காட்டினார். மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய ஊர்களில் அது தங்கியது. கிரேக்கத்திலும் அரேபியாவிலும் இது இருப்பதற்குக் காரணம் அதுவே. அவலாஞ்சிக் குளிரில் வாழ்ந்தவர்களுக்கும் பில்லூர்ச் சரிவில் வாழ்ந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் அதுவே பொருந்துகிறது.

விடை கிடைத்தும் முத்திரை அழியவில்லை. 1970களில் அமெரிக்க மாநிலங்கள் பல கறுப்பர்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. மரபணுவைச் சுமப்பவர் வேறு, நோயாளி வேறு என்பதை விளக்க யாரும் மெனக்கெடவில்லை. நோயே இல்லாதவர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள். சுமப்பவர்களுக்கு அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது.

நம் நாட்டில் 2023 ஜூலையில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. நல்ல காரியம். இந்த நோயால் வலி வந்து துடிப்பவருக்கு அது என்ன வலி என்று தெரிவதே பாதி மருந்து. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்கிறது.

சோதனை செய்துகொண்டவர் கையில் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம், ஜாதகம்போல. ஒரு பெண்ணின் அட்டையில் 'ஏ.எஸ்.' என்றிருந்தால் அவள் மரபணுவைச் சுமப்பவள் மட்டுமே, நோயாளி அல்ல என்பதை, அட்டையைக் கொடுப்பவர் அவள் மொழியில் உட்கார்ந்து சொன்னாரா? அவள் சம்மதம் கேட்டா ரத்தம் எடுத்தார்கள்? இந்த இரண்டையும் விட்டுவிட்டால், சிகாகோவில் ஒட்டிய முத்திரையை நாமே பதிகளுக்குச் சுமந்துபோய், 'பழங்குடி நோய்' என்று ஒட்டிவிட்டு வருவோம்.