மலைநாட்டு மாந்தர் – 14: வாக்கில்லாதவர்களின் தலைவர்

சென்ற வாரம் மூலோயாத் தோட்டத்தில் நிறுத்தியிருந்தோம். 1940 ஜனவரியில், கண்டியை அடுத்த ஹேவாஹெட்ட மலைச்சரிவில் வேலைநிறுத்தக்காரர்கள்மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். துரை சொன்னதே சட்டம் என்றிருந்த லயங்களில் சங்கம் சேரும் துணிவு வேகமாகப் பரவிய காலம் அது. அப்போது கம்பளையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கிளையை நடத்திக்கொண்டிருந்தவருக்கு வயது 26. பெயர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

தமிழ்நாட்டின் முனப்புதூரில் பிறந்து, சிறுவனாக மலைநாட்டுக்கு வந்து, கம்பளை சென். அன்ட்ரூஸ் கல்லூரியில் படித்தவர். தகப்பனார் கருப்பையா உழைத்து முன்னேறி, றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளிக்குத் தலைவனா என்ற கேள்வி தொண்டமானை ஆயுள் முழுவதும் விடவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தோட்டத்தின் வரவும் செலவும் அறிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தால், கம்பனிக்காரர்கள் நட்டக்கணக்கு காட்டித் தப்பிவிட முடியாது. அந்த அறிவு தொழிலாளிக்குப் பயன்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

1947இல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் அவர்களின் வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் கொழும்பில் 140 நாள் சத்தியாக்கிரகம் இருந்தும் அரசு இறங்கி வரவில்லை. அதன்பின் 1977 வரை அவர் ஒரு தேர்தலிலும் வெல்லவில்லை. இருந்தும் 1960இல் ஸ்ரீமாவோ அரசும், 1965இல் டட்லி அரசும் அவரை நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அழைத்தன. அன்பினால் அல்ல. நாட்டின் அந்நியச் செலாவணி தேயிலையில் இருந்தது. தேயிலை கொழுந்து பறிக்கும் கைகளில் இருந்தது. அந்தக் கைகள் அவருடைய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்கு (இ.தொ.கா.) சந்தா கட்டின. வாக்குச்சீட்டைப் பிடுங்கிய அரசுகளால் சந்தாத் துண்டைப் பிடுங்க முடியவில்லை.

அவரால் தடுக்க முடியாமல் போனதும் உண்டு. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. சம்பந்தப்பட்ட சனத்தை யாரும் கேட்கவில்லை. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் கடவுச்சீட்டு வாங்கி, தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. லயத்தின் ஒரு காம்பராவில் அண்ணன் தங்க, அடுத்த காம்பராவில் தம்பி பெட்டி கட்டினான்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் மூன்றாம் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அமைச்சர். அந்தப் பதவி பெற்றதற்காக அவரைக் குறை சொன்னவர்கள், அமைச்சரவையில் இருந்துகொண்டே அவர் 1984இல் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தியதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அந்தப் போராட்டத்தில்தான் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த பெண்களுக்கு அது எவ்வளவு பிந்திய நீதி!

1986 ஜனவரியில் வேலைக்குப் போகாமல் கோயில்களில் கூடிப் பிரார்த்திக்கும் போராட்டத்தை அறிவித்தார். ஜே.ஆர். அரசு பேச இறங்கி வந்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல் நிறைவேறியது. 1948இல் பறித்ததை மீட்க நாற்பது ஆண்டுகள் பிடித்திருந்தன.