சோழவரத்து ‘பிளக்’ ஜோசியம்

பாம்பன் பக்கம் டீசல் படகு கரும்புகை கக்கினால், ‘காத்து பத்தலை, எண்ணெய் ஜாஸ்தி’ என்று கரையில் நிற்பவரே சொல்லிவிடுவார். சென்னைக்கு வடக்கே, சோழவரம் பந்தயங்களில் பெட்ரோல் இன்ஜினுக்கும் இதே கணக்குதான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது! இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தது 1990-ல்தான்.

வேகத்துக்காகக் ‘கேம்ஷாஃப்ட்’டை மாற்றினால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். கார் பறக்கும், ஆனால், நிறுத்தி வைத்தால் இன்ஜின் குலுங்கும், திணறும். உள்ளே இழுக்கும் சக்தி குறைந்து, எரிந்த புகையும் கலந்துவிடும். உடனே கார்புரேட்டர் ‘ஜெட்’டை மாற்ற வேண்டும். எவ்வளவு? ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது புத்தகக் கணக்கு. பந்தயத்துக்குப் பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். அளவுகோல்? ஸ்பார்க் பிளக்தான்! ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்ப்பார்கள். கறுப்பென்றால் பெட்ரோல் ஜாஸ்தி. காபிப்பொடி நிறமென்றால் சரி. வெளுத்திருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்... பெட்ரோல் பத்தாமல் பிஸ்டனே உருகிவிடலாம். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடுகள் இருந்த காலம். வேறு பிஸ்டனுக்கு எங்கே போவது?