சொந்தப் பணமும் பொதுப் பதவியும்



செல்வந்தர் ஒருவர் தேர்தலில் நின்றால் அவருக்கு ஆதரவாக ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. "அவர் தம் கைப்பணத்தைச் செலவிடுகிறார், யாரிடமும் கைநீட்டவில்லை. ஆகவே பதவிக்கு வந்தபின் யாருக்கும் கடமைப்பட்டிருக்க மாட்டார். ஏற்கெனவே வேண்டிய அளவு செல்வம் இருப்பதால் பொதுச் சொத்திலும் கைவைக்க மாட்டார்" என்பதே அந்த வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இதனை முற்றிலும் பொய்யென்று ஒதுக்கிவிட இயலாது. ஆனால் ஒரு வாதம் நியாயமாகத் தோன்றுவது வேறு. அனுபவத்தில் அது எவ்வாறு விளைந்தது என்பது வேறு.

இந்த வாதத்தை மிகப் பெரிய தொகைகளைக் கொண்டு சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அதன் அனுபவத்தை விரிவாகவும், அதற்கு முன்னோடியான பழைய ரோமின் அனுபவத்தைச் சுருக்கமாகவும் இக்கட்டுரையில் காண்போம்.

ரோம்: கடனில் ஏறிய படிகள்

ரோமக் குடியரசில் உயர் பதவிகளுக்கு ஊதியம் கிடையாது. பதவியில் ஏற விரும்பியவர் விருந்துகளும் கேளிக்கைகளும் நடத்தி மக்களின் மனத்தைக் கவர வேண்டியிருந்தது. கி.மு. 65இல் ஜூலியஸ் சீசர் தம் பதவிக்காலத்தில் 320 இணை வாள்வீரர்களை மோதவிட்டுக் காட்சி நடத்தினார் என்று வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். இத்தகைய செலவுகளால் சீசர் பெருங்கடனில் மூழ்கினார். பின்னர் ஸ்பெயின் மாகாணத்தின் ஆளுநராகப் புறப்பட வேண்டிய வேளையில் கடன்காரர்கள் அவரைத் தடுத்தனர். ரோமின் பெருஞ்செல்வரான கிராசஸ் 830 தாலந்துகளுக்குப் பிணை நின்ற பிறகே அவரால் நகரைவிட்டுக் கிளம்ப முடிந்தது. அந்த மாகாணத்தில் நடத்திய போர்களின் பயனாகச் செல்வத்துடன் அவர் திரும்பினார். ரோமில் நடந்த கேளிக்கைகளின் விலையை, அவற்றைப் பார்த்தேயிராத ஸ்பெயின் மக்கள் கொடுத்தனர்.

இதைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றப்படாமல் இல்லை. கி.மு. 63இல் சிசரோ கொண்டுவந்த சட்டம், வாக்குகளை விலைக்கு வாங்குவோருக்குப் பத்தாண்டு நாடுகடத்தலைத் தண்டனையாக விதித்தது. பயன் சிறிதே. கி.மு. 54இல் நடந்த தேர்தல் போட்டியில் வேட்பாளர்கள் வாரியிறைக்கக் கடன் வாங்கிய வேகத்தில், ரோமின் வட்டி விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக ஏறியதை அதே சிசரோ தம் கடிதத்தில் பதிவு செய்கிறார். சில செல்வந்தர்களின் பதவி ஆசைக்காக, அவர்களோடு தொடர்பே இல்லாத சாதாரணக் கடனாளியும் இரு மடங்கு வட்டியைச் சுமந்தான்.

அமெரிக்கா: தொடக்கத்திலிருந்தே

இந்த ரோம வரலாற்றைப் படித்து வளர்ந்தவர்களே பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசை நிறுவினர். எனினும் அவர்களுடைய தேர்தல் வழக்கம் தூய்மையானதாக இருக்கவில்லை. 1758இல் இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன் வர்ஜீனியா சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, சில நூறு வாக்காளர்களுக்காக அவர் கணக்கில் வழங்கப்பட்ட மது சுமார் 160 காலன். செலவு ஏறத்தாழ 39 பவுண்டு. இத்தகைய உபசரிப்பை வர்ஜீனியாவின் சட்டம் தடை செய்திருந்தது. ஆயினும் வேட்பாளர்கள் எல்லோரும் அதைச் செய்தார்கள். நிலமுடையோரே வாக்களித்த அக்காலத்தில், வசதியுடையோரே வேட்பாளராக நிற்பர் என்பது யாரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு கட்ட முயன்றது வெகுகாலத்துக்குப் பின்னர்தான். 1971ஆம் ஆண்டின் தேர்தல் நிதிச் சட்டம் வேட்பாளரின் சொந்தச் செலவுக்கு உச்சவரம்பு விதித்தது: அதிபர் பதவிக்கு 50,000 டாலர், செனட்டுக்கு 35,000 டாலர், பிரதிநிதிகள் சபைக்கு 25,000 டாலர். 1974இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு 1,000 டாலருக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்ற விதியும் வந்தது.

இவ்வரம்புகளை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. 1976 ஜனவரி 30 அன்று, பக்லி எதிர் வாலியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்கொடைக்கான வரம்பு செல்லும் என்றது. ஏனெனில் பெரிய நன்கொடை வேட்பாளரைக் கொடையாளிக்குக் கட்டுப்பட்டவராக்கி ஊழலுக்கு வழிவகுக்கும். சொந்தச் செலவுக்கான வரம்பு செல்லாது என்றது. ஏனெனில் தம் பணத்தையே செலவிடுபவர் பிறரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை, தமக்காகத் தாமே பேசும் உரிமையும் அவருக்கு உண்டு. நாம் தொடக்கத்தில் கண்ட வாதமே இவ்வாறு ஒரு நாட்டின் சட்டமாயிற்று.

சொந்தச் செலவு பற்றிய இப்பகுதியை நீதிபதி தர்குட் மார்ஷல் ஏற்கவில்லை. அடிமைகளின் வழித்தோன்றலான அவர், அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி. ஊழல் பற்றிய கவலையோடு நின்றுவிடாமல், அரசியல் களத்தின் வாசல் செல்வந்தருக்கும் அல்லாதாருக்கும் சமமாகத் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையையும் அரசு காக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பெரும்பான்மை நீதிபதிகள் பதவிக்கு வந்தவர் என்ன செய்வார் என்று பார்த்தனர். மார்ஷலோ வாசலிலேயே நின்றுவிட்டவர்களையும் பார்த்தார்.

பணம் வென்றதா?

தீர்ப்பின் பயன் விரைவில் தெரிந்தது. 1980இல் லிபர்டேரியன் கட்சி, தொழிலதிபர் டேவிட் கோக்கைத் துணை அதிபர் வேட்பாளராக்கியது. வேட்பாளர் என்ற தகுதியில் அவர் தம் பணத்தை வரம்பின்றிச் செலவிடலாம். அவ்வாறே சுமார் 20 லட்சம் டாலர் செலவிட்டார். கிடைத்த வாக்கு 1 விழுக்காட்டளவு. 1992இல் ராஸ் பெரோ 6 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, தொலைக்காட்சியில் அரை மணி நேரங்களை விலைக்கு வாங்கி, வரைபடங்களைக் காட்டி நாட்டின் கடன் சுமையை விளக்கினார். ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் பெற்றும் ஒரு மாநிலத்தைக்கூட அவர் வெல்லவில்லை. இரு பெரிய கட்சிகளும் பேசத் தயங்கிய பொருளை மக்கள் முன் வைத்தார் என்ற பெருமையை மட்டும் அவருக்கு மறுக்க முடியாது.

2010இல் கலிஃபோர்னிய ஆளுநர் பதவிக்கு நின்ற மெக் விட்மன் 14 கோடி டாலருக்கு மேல் தம் பணத்தை இறைத்தார். அதில் ஒரு சிறு பங்கையே தம் பிரசாரத்தில் செலவிட்ட ஜெர்ரி பிரவுனிடம் சுமார் 13 விழுக்காடு வேறுபாட்டில் தோற்றார். மறுபுறம், 2000இல் நியூஜெர்சியில் ஜான் கோர்சைன் சுமார் 6 கோடி டாலர் சொந்தப் பணத்தில் செனட்டரானார். 2018இல் இல்லினாயில் பிரிட்ஸ்கர் சுமார் 17 கோடி டாலர் செலவிட்டு ஆளுநரானார். நியூயார்க் நகரில் மைக்கேல் புளூம்பெர்க் 2001, 2005, 2009 என மும்முறை மேயராக வென்றார். மூன்றாம் முறை நிற்பதற்காக, இரு முறைக்கு மேல் பதவி வகிக்கக்கூடாது என்ற விதியே 2008இல் நகர மன்றத்தால் மாற்றப்பட்டது. அம்முறை அவர் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டும் 5 விழுக்காட்டுக்குக் குறைவான வேறுபாட்டிலேயே தப்பினார்.

தோற்றோர் பட்டியல் நீளமானது. ஆகவே "பணம் வெற்றியை வாங்கிவிடுவதில்லை, மக்கள் விவரமானவர்கள்" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அந்த ஆறுதல் அரைகுறையானது. பணம் எதை வாங்குகிறது என்பதை 2020ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது.

அவ்வாண்டின் அதிபர் தேர்தலுக்காக, டெமாக்ரட்டிக் கட்சியின் வேட்பாளராக விரும்பி புளூம்பெர்க் 2019 நவம்பர் 24 அன்று களம் புகுந்தார். ஒன்பது நாள்களுக்குப் பின், டிசம்பர் 3 அன்று, மாதக்கணக்கில் நாடெங்கும் பிரசாரம் செய்துவந்த செனட்டர் கமலா ஹாரிஸ் பணமின்மையால் விலகினார். தாம் கோடீசுவரர் அல்லர் என்பதையும், தம் பிரசாரத்துக்குத் தாமே நிதியளிக்க இயலாது என்பதையும் விலகும் அறிவிப்பிலேயே அவர் குறிப்பிட்டார். கட்சியின் விவாத மேடையில் ஏற, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மக்களிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. புளூம்பெர்க் யாரிடமும் நன்கொடை பெறாதவர். 2020 ஜனவரி இறுதியில் கட்சி அந்த விதியை நீக்கியது. பிப்ரவரியில் அவர் மேடையேறினார். 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, அமெரிக்க சமோவா என்ற சிறு தீவுப் பகுதியை மட்டும் வென்று, மார்ச் 4 அன்று விலகினார்.

அவர் தோற்றது உண்மை. ஆனால் அவருக்காக ஒரு விதி தளர்ந்தது. அவருக்கு முன்பே, அந்த மேடைக்கான தகுதியை எட்ட முடியாமல் சிலர் வீடு திரும்பியிருந்தனர். பணத்தால் வாங்க முடிந்தது வாசலை. பணமில்லாதவருக்கு அந்த வாசலே மூடியிருந்தது. தோற்ற செல்வந்தரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நிற்கவே முடியாமல் போன தகுதியுடையோரின் பெயர்களை எந்தப் பட்டியலிலும் காண இயலாது.

கைப்பணம் திரும்பும் வழி

சொந்தப் பணத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. வேட்பாளர் தம் பிரசாரத்துக்குத் தரும் தொகையைக் கொடையாக அன்றிக் கடனாகவும் எழுதலாம். தேர்தல் முடிந்தபின் வரும் நன்கொடைகளைக் கொண்டு அக்கடனைத் திரும்பப் பெறலாம். வென்றவருக்கு வரும் அந்த நன்கொடை எங்கே சேர்கிறது? அவருடைய சட்டைப்பைக்குத்தான். இதனால் அவ்வாறு திரும்பப் பெறும் தொகைக்கு 250,000 டாலர் என 2002ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பிட்டது. 2018இல் செனட்டர் டெட் குரூஸ், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தம் பிரசாரத்துக்கு 260,000 டாலர் கடன் கொடுத்தார். வரம்புக்கு மேற்பட்ட 10,000 டாலரை முன்வைத்து வழக்கு நடத்தினார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவ்வரம்பை நீக்கியது. பணம் பதவியாளரின் கைக்கே போகும்போது ஊழலின் அபாயம் கூடும் என்று நீதிபதி எலீனா கேகன் மாறுபட்டு எழுதினார்.

எதிராளிக்குத் துணைசெய்யும் முயற்சியும் முன்னரே முடிந்திருந்தது. செல்வந்தர் ஒரு வரம்புக்கு மேல் செலவிட்டால், அவரை எதிர்ப்பவர் கூடுதல் நன்கொடை பெறலாம் என்று அதே 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 2008இல் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதையும் செல்லாதென்றது.

ஆக, "யாருக்கும் கடமைப்படாதவர்" என்ற சொல்லை நாம் சற்று நின்று கேட்க வேண்டும். கடனாகக் கொடுத்தவர் பின்னர் கொடையாளிகளை எதிர்பார்க்கிறார். கொடையாகவே கொடுத்தவரோ எவரையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் எளியோரிடம் இருபது டாலர் கேட்டு வாசல் வாசலாகச் செல்லும் வேட்பாளர், அங்கே அவர்களுடைய குறைகளையும் கேட்டாக வேண்டும். எவரிடமும் கேட்கத் தேவையில்லாதவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

ஊதியம் என்ற பாதுகாப்பு

மேயர் புளூம்பெர்க் ஆண்டுக்கு 1 டாலர் மட்டுமே ஊதியமாகப் பெற்றார். பலர் இதனைப் பெருந்தன்மை என்று பாராட்டினர். இவ்விடத்தில் நாமனைவரும் அறிந்த ஒரு நிகழ்வை நினைவுகூர்வது பொருத்தம். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னும் அபூபக்ர் (ரலி) அவர்கள் குடும்பத்துக்காகத் துணி வணிகம் செய்யச் சந்தைக்குப் புறப்பட்டார்கள். பொறுப்பையும் வணிகத்தையும் ஒருசேரச் சுமக்க இயலாது என்று கண்ட தோழர்கள், பொது நிதியிலிருந்து அவர்களுக்கு அளவான ஒரு படியை நிர்ணயித்தார்கள். பொறுப்பை ஏற்பவர் தம் செல்வத்தை நம்பி வாழவேண்டியதில்லை என்ற நெறி அவ்வாறு நிலைபெற்றது. ஊதியத்தை மறுப்பது தனிமனிதரின் தாராளம். ஊதியம் நிர்ணயிப்பதோ, நாளை வறியவரும் அப்பொறுப்பை ஏற்க வழி செய்வது.

செல்வந்தர்களில் நல்லோர் உண்டு; அவர்கள் பொறுப்புக்கு வருவதில் தவறில்லை. அவர்கள் மட்டுமே வரமுடியும் என்ற நிலைதான் தவறு. நம் ஊரின் ஒரு சங்கத்துக்கோ பள்ளிக்கூடக் குழுவுக்கோ பொறுப்பாளரைத் தேடும்போதும், "இவர் கையிலிருந்து கொடுப்பார்" என்ற ஒரே காரணம் நம் மனத்தில் முதலில் எழுகிறதா என்று பார்ப்போம். எழுந்தால், மூன்று கேள்விகளை உடன் கேட்போம். இவர் கொடுப்பது எவ்வழியில் திரும்பும்? கொடுத்தபின் இவரிடம் கணக்குக் கேட்கும் துணிவு நமக்கு இருக்குமா? இவருக்காக நாம் யாரை அழைக்காமல் விட்டோம்?

பதவியை அமானிதம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அமானிதத்தை ஒப்படைப்பவர் முதலில் பார்ப்பது நம்பகத்தை. ஏலத்தில் விற்பவர்தான் முதலில் விலையைப் பார்க்கிறார்.