வீக்எண்டில் தீவுக்குப் போகலாமா? மன்னார் வளைகுடாவில் எங்கே அனுமதி, எங்கே தடை?

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்குத் தீவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் நினைத்த நேரத்தில் படகெடுத்துப் போய் இறங்கிவிட முடியாது. ஏன்?

எத்தனை தீவுகள்?

பாம்பன் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன.

ஏன் மூழ்கின?

அலையின் வேகத்தைத் தடுக்கும் சுவரே பவளப்பாறைதான். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் அதை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். தூத்துக்குடி அருகே வான்தீவும் சுருங்கியது. அதைக் காப்பாற்றக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகள் போடப்பட்டன.

அப்போ எப்படிப் பார்ப்பது?

பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து குருசடை தீவுக்கு வனத்துறை படகுச் சவாரி உண்டு. பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளும் படகில் போகலாம். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதை மறக்காதீங்க

கரையில் கிடக்கும் பவளத்துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போடக் கூடாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். போட்டோ மட்டும் போதும்!