ஊர் எல்லையில் மண் குதிரைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு என்றவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவிற்கு முதலில் வருவது கங்கைகொண்ட சோழபுரமே. 1014 முதல் 1044 வரை அரசாண்ட முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரம் அது. ஆயினும், இன்று நான் சொல்லப் புகுவது மன்னர் எழுப்பிய கற்றளியைப் பற்றியன்று. பெயரறியாத எளியோர் கையால் செய்து, ஊருக்கு வெளியே திறந்த வெளியில் வைத்துச் சென்ற சிறு மண்ணுருவங்களைப் பற்றியே பேசுகிறேன்.

ஏரிக்கரையிலும் தோப்பிலும் அமைந்த ஐயனார் கோயில்களில், நேர்ந்துகொண்டோர் வைத்த மண் குதிரைகளை நான் கண்டிருக்கிறேன். குதிரைகள் மட்டுமல்ல, நோய் நீங்கியவர் வைத்த கை கால் உருவங்களும், பிள்ளைப் பேறு வேண்டியவர் வைத்த குழந்தை உருவங்களும் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டு செல்லும் விழாவைப் புரவி எடுப்பு என்பர்.

இவற்றைச் செய்பவர் வேளார் எனப்படும் மட்பாண்டக் கலைஞர். ஏரி வண்டலில் மணலும் உமியும் கலந்து பிசைவர். கால்களைச் சக்கரத்தில் குழாய் போல் வனைவர். உடலையும் தலையையும் கையால் உருவாக்குவர். சுடும்போது வெடிக்காதிருக்க உட்புறத்தைக் கூடாக விட்டு, ஆவி வெளியேறத் துளைகளும் வைப்பர். அவ்வளவு பாடுபட்டுச் செய்த உருவம் வெயிலிலும் மழையிலும் நின்று சிதைகிறது. சிதைந்ததை எவரும் செப்பனிடுவதில்லை. அதன் அருகிலேயே புதியது வைக்கப்படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் காணப்படுகிறது. மண் குதிரைகளிலோ, செய்தவர் பெயரும் இல்லை. வைத்தவர் பெயரும் பெரும்பாலும் இல்லை. அவை தெய்வத்திற்கு அளித்தவையே எனினும், மதிலும் பூட்டும் இல்லாத இடத்தில் நிற்பதால், அவ்வழியே செல்லும் அயலார் அனைவரும் காணும் பொருளாகிவிடுகின்றன. அண்மைக் காலத்தில் மேனாட்டார் சிலர் கூழாங்கற்களில் ஓவியம் தீட்டி, முகமறியாதவர் கண்டெடுக்கட்டும் என்று பாதையோரங்களில் வைத்து வருகின்றனர். அவை எடுத்துச் செல்வதற்கு உரியவை; நம்முடையவையோ கண்டு வணங்கிச் செல்வதற்கு உரியவை.

மண்தானே என்று இவற்றை இகழ்தல் தகாது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை அழிந்தபின், மாளிகைமேட்டில் 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் அதன் இருப்பை நமக்குக் காட்டியவை சுட்ட செங்கற்களும் கூரை ஓடுகளுமே அன்றோ? எழுதி வைக்க வசதியற்ற குடியானவரின் நோயையும் அச்சத்தையும் நன்றியையும் இம்மண்ணுருவங்களே நமக்கு உணர்த்துகின்றன.

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில், பெரியசாமி மலைக்கோயிலின் பழைய உருவங்கள் பல 2021 அக்டோபரில் உடைக்கப்பட்டன. பல தலைமுறையினர் போற்றியவை சில நாட்களுக்குள் சிதைந்தன. மழையால் கரைவது இக்கலையின் இயல்பு. மனிதர் கையால் உடைபடுவது அவ்வாறன்று. திறந்த வெளியில் வைத்தவர்கள், அவ்வழியே வருவோரை நம்பியே வைத்தார்கள். இன்று அவ்வழியே வருவோர் நாம்.

மாணவர்களே, விடுமுறையில் உங்கள் ஊர் எல்லைக்குச் செல்லுங்கள். எத்தனை உருவங்கள் உள்ளன, எவை எவ்வளவு சிதைந்துள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். எதையும் எடுத்து வராதீர்கள். உங்கள் ஊர் வரலாற்றின் முதல் ஏடு அதுவே ஆகலாம்.