இஷ் ஸ்மித்

இஷ்மயெல் லாரி ஸ்மித் (பிறப்பு - ஜூலை 5, 1988) அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆவார். இஷ் ஸ்மித் என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படுகிறார். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 2010 முதல் 2024 வரை 14 பருவங்கள் விளையாடிய இவர், அச்சங்கத்தின் 30 அணிகளில் 13 அணிகளுக்காக ஆடியுள்ளார். இவருக்கு முன் எவரும் 12 அணிகளுக்கு மேல் ஆடியதில்லை. 2023இல் டென்வர் நகெட்ஸ் முதன்முறையாக என்.பி.ஏ. கோப்பையை வென்றபோது இவர் அவ்வணியில் இருந்தார். பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை அமைத்துக் கொடுக்கும் பந்துகையாளி பின்காவல் நிலையில் விளையாடினார். உயரம் 6 அடி (183 செ.மீ.), இது என்.பி.ஏ. அளவுகோலில் குள்ளம் என்றே கொள்ளப்படும்.

அடிக்கடி அணி மாறும் ஆட்டக்காரரை அமெரிக்க விளையாட்டு வழக்கில் "ஜர்னிமேன்" என்பர். ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்வோர் உண்டு. ஆனால் இதன் வேர் நாள் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லாகும். பயிற்சி முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாமல் நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞனையே இச்சொல் முதலில் குறித்தது. இஷ் ஸ்மித்தின் தொழில் வாழ்க்கைக்கு இந்தப் பழைய பொருளே நன்கு பொருந்துகிறது.

இளமையும் கல்லூரியும்

ஸ்மித் வட கரொலைனா மாநிலத்தின் ஷார்லட் நகரில் பிறந்தார். அருகிலுள்ள கான்கார்ட் நகரின் சென்ட்ரல் கபேரஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 2006இல் அதே மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இவரைத் தேர்ந்தெடுத்த பயிற்றுனர் ஸ்கிப் ப்ராசர் 2007 ஜூலையில் காலமானார். பின்பு டீனோ காடியோ பயிற்றுனரானார்.

ஜெஃப் டீக், ஜேம்ஸ் ஜான்சன், அல்-ஃபரூக் அமினு ஆகியோர் இருந்த வேக் ஃபாரஸ்ட் அணி 2009 ஜனவரியில் கல்லூரி அணிகளின் தரவரிசையில் முதலிடத்தை எட்டியது. அவர்கள் மூவரும் ஆட்டக்காரர் தேர்வின் முதற்சுற்றிலேயே என்.பி.ஏ.வுக்குச் சென்றனர். ஸ்மித் நான்கு ஆண்டுகளும் கல்லூரியிலேயே ஆடினார். 2010 தேசியக் கல்லூரிப் போட்டித்தொடரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. இறுதி நொடிகளில் ஸ்மித் எறிந்த பந்து கூடைக்குள் விழ, வேக் ஃபாரஸ்ட் 81-80 என்ற கணக்கில் வென்றது. இப்பல்கலைக்கழக வரலாற்றில் 1,000 புள்ளிகளையும் 600க்கு மேற்பட்ட அசிஸ்ட்களையும் (சக ஆட்டக்காரர் புள்ளி பெற வழி செய்யும் கடத்தல்கள்) சேர்த்த முதல் ஆட்டக்காரர் இவரே. அசிஸ்ட் எண்ணிக்கையில் மட்டும் இவருக்கு முன்னால் இருந்தவர் மக்சி போக்ஸ். 5 அடி 3 அங்குல உயரத்தோடு ஆடிய போக்ஸ், என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குள்ளமான ஆட்டக்காரர் ஆவார்.

தேர்வில் விடுபட்டவர்

ஒவ்வோர் ஆண்டும் நடைபெறும் என்.பி.ஏ. ஆட்டக்காரர் தேர்வில் இரண்டு சுற்றுகளில் 60 பேர் அளவில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முதற்சுற்றில் தேர்வானவருக்குச் சில ஆண்டுகளுக்கு உறுதியான சம்பளம் உண்டு. அவர் மோசமாக ஆடினாலும், பெரும் பணத்தைச் செலவிட்ட அணி எளிதில் அவரைக் கைவிடாது. 2010 தேர்வில் ஸ்மித்தின் பெயர் இரு சுற்றுகளிலும் அழைக்கப்படவில்லை. ஹியூஸ்டன் ராகெட்ஸ் அணியின் பயிற்சி முகாமில் சேர்ந்து, அங்கு ஆட்டக்காரர் பட்டியலில் இடம் பிடித்தே இவர் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார்.

இவ்வாறு நுழைபவரின் நிலை உறுதியற்றது. பருவத்தின்போது ஒவ்வோர் அணியும் வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேரை மட்டுமே வைத்திருக்க இயலும். பதினான்காவது, பதினைந்தாவது இடங்களில் இருப்போரின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முழுமையாக உறுதி செய்யப்படாதவை. யாருக்கேனும் காயம் ஏற்பட்டு வேறொரு நிலைக்கு ஆள் தேவைப்பட்டால் முதலில் விடுவிக்கப்படுபவர் இவர்களே. விடுவிக்கப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் வேறோர் அணி கேட்டுப் பெறலாம். எவரும் கேட்காவிட்டால் அவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் வரும் ஆட்டக்காரர் மாற்றக் கெடுநாள் மற்றொரு சிக்கல். இரு அணிகள் பெரிய ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது சம்பளக் கணக்கைச் சரிசெய்யவோ, பட்டியலில் இடம் ஒழிக்கவோ சிறு ஒப்பந்தங்களும் உடன் அனுப்பப்படுகின்றன. ஸ்மித் நான்கு முறை (2011, 2013, 2015, 2022) இக்கெடுநாளிலேயே அணி மாற்றப்பட்டார்.

முதல் ஆறு ஆண்டுகள்

2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியேயுடன் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு எட்டாம் நிலையில் இருந்த மெம்ஃபிஸ், முதல் நிலையில் இருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை பிளேயாஃப்சின் முதற்சுற்றில் வீழ்த்தியது. டிசம்பரில் மெம்ஃபிஸ் இவரை விடுவித்தது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எடுத்துக்கொண்டு சில ஆட்டங்களுக்குப் பின் அதுவும் விடுவித்தது. 2012இல் ஸ்டான் வான் கண்டி பயிற்றுவித்த ஒர்லாண்டோ மேஜிக் அணியில் சேர்ந்தார். ஓராண்டு கழித்து ஜே. ஜே. ரெடிக்குடன் மில்வாக்கி பக்ஸ் அணிக்கும், 2013 கோடையில் அங்கிருந்து பீனிக்ஸ் சன்ஸ் அணிக்கும் மாற்றப்பட்டார்.

பீனிக்சில்தான் முதன்முறையாக ஒரு முழுப் பருவம் நிலையாக ஆடினார். கோரன் டிராகிச், எரிக் பிளெட்சோ ஆகியோருக்கு மாற்றாக இறங்கினார். கடைசி இடத்துக்குப் போகும் என்று கணிக்கப்பட்ட அவ்வணி 48 ஆட்டங்களை வென்று, பிளேயாஃப்ஸ் வாய்ப்பை நூலிழையில் இழந்தது. அடுத்த கோடையிலேயே பீனிக்ஸ் இவரை விடுவித்தது.

2014-15 பருவம் இவ்வகை வாழ்க்கையின் முழு உருவத்தைக் காட்டுகிறது. ஹியூஸ்டன் அணி மீண்டும் இவரை ஒப்பந்தம் செய்து, பருவம் தொடங்குமுன் விடுவித்தது. ரசல் வெஸ்ட்புரூக் உட்படப் பலர் காயமுற்றதால் ஓக்லஹோமா நகர் தண்டர் அழைத்துக்கொண்டது. பிப்ரவரியில் அவ்வணி இவரை நியூ ஓர்லியன்ஸ் பெலிக்கன்சுக்கு மாற்றியது. நியூ ஓர்லியன்ஸ் ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் விடுவிக்க, பிலடெல்பியா செவன்டி சிக்சர்ஸ் எடுத்துக்கொண்டது. 2015 கோடையில் மீண்டும் அணியின்றி நின்றார். வாஷிங்டன் விசர்ட்ஸ் பயிற்சி முகாமுக்குச் சென்று அங்கும் இறுதிப் பட்டியலில் இடம் பெறவில்லை. பின்காவல் ஆட்டக்காரர்கள் பலர் காயமுற்றிருந்த நியூ ஓர்லியன்ஸ், எட்டு மாதங்களுக்கு முன் வேண்டாம் என்று விட்ட இதே ஆட்டக்காரரை இப்போது அழைத்து முதல் நாளிலிருந்தே ஆடவைத்தது. பதின்மூன்று அணிகள் என்ற கணக்கில் நியூ ஓர்லியன்ஸ் சேர்வது இந்த இரண்டாம் வருகையினாலேயே. அணிக்காகக் களம் இறங்கினால்தான் அது கணக்கில் வரும்.

பிலடெல்பியாவுக்குத் திரும்பியது

2015-16 பருவத்தில் பிலடெல்பியா என்.பி.ஏ. வரலாற்றின் மிக மோசமான அணிகளுள் ஒன்றாக இருந்தது. எதிர்காலத் தேர்வுகளில் நல்ல இடங்களைப் பெறும்பொருட்டு, நிருவாகம் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கழித்திருந்தது. முதல் 18 ஆட்டங்களிலும் தோற்றது. டிசம்பர் 24 வரையிலான கணக்கு 1 வெற்றி, 30 தோல்விகள். இளம் ஆட்டக்காரர்களுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கக்கூட ஆள் இல்லை என்பது பொதுக் குறையாக இருந்தது. அம்மாதம் மூத்த நிருவாகி ஜெரி கோலஞ்செலோ பொறுப்பேற்ற சில வாரங்களில், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்து பிலடெல்பியா ஸ்மித்தைத் திரும்பப் பெற்றது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றும் கொடாமல் பெற்று, கோடையில் ஒன்றும் பெறாமல் விட்ட ஒருவருக்கு இது கணிசமான விலையே.

அவர் திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் பீனிக்சுக்கு எதிராக பிலடெல்பியா வென்றது. எஞ்சிய 51 ஆட்டங்களில் அணி 9 வெற்றிகள் பெற்றது. 10-72 என்ற இறுதிக் கணக்கு பெருமைக்குரியதன்று. ஆயினும் 1973இல் இதே அணி ஏற்படுத்திய 9-73 என்ற மிக மோசமான சாதனையை அது தவிர்த்தது. பிலடெல்பியாவில் அப்பருவம் ஸ்மித் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 15 புள்ளிகளும் 7 அசிஸ்ட்களும் பெற்றார். நெர்லன்ஸ் நோயல் போன்ற உயரமான இளைஞர்களுக்குக் கூடையருகே பந்து கிடைக்கத் தொடங்கியது. பலவீனமான அணியில் எண்கள் பெருகுவது இயல்பே என்று கூறுவோர் உண்டு. எனினும் ஆறு ஆண்டுகளில் எந்த அணியும் இவரிடம் முழுப் பொறுப்பை ஒப்படைத்துப் பார்த்ததில்லை.

டிட்ராயிட், வாஷிங்டன்

2016 ஜூலையில் டிட்ராயிட் பிஸ்டன்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் அளித்தது. ஒர்லாண்டோவில் இவரை அறிந்திருந்த ஸ்டான் வான் கண்டியே அங்கும் பயிற்றுனர். 28 வயதில் கிடைத்த முதல் உறுதியான இடம் இது. முதன்மைப் பின்காவல் ரெஜி ஜாக்சன் காயமுற்ற காலங்களில் ஸ்மித் தொடக்க ஐவரில் ஆடினார். முதல் பருவத்தில் 81 ஆட்டங்களிலும், அடுத்ததில் 82 ஆட்டங்கள் அனைத்திலும் களமிறங்கினார்.

2019இல் வாஷிங்டனுடன் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தார். 2020 ஜனவரியில் டென்வருக்கு எதிராக 32 புள்ளிகள் பெற்றார். இது இவருடைய தனிப்பட்ட உச்சம். 2021இல் பிறந்த ஊரான ஷார்லட்டின் ஹார்னெட்ஸ் அணியில் சேர்ந்ததும் 12 அணிகள் என்ற சாதனையைச் சமன் செய்தார். 2022 பிப்ரவரியில் மீண்டும் வாஷிங்டனுக்கும், ஜூலையில் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்புடன் டென்வருக்கும் மாற்றப்பட்டார்.

பதின்மூன்றாவது அணி

2022-23 பருவத்தில் டென்வருக்காக ஆடியபோது தனிச் சாதனையாளரானார். அதற்கு முன் 12 அணிகளுக்காக ஆடியவர்கள் சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகியோர். ஐவரையும் ஒரே வகையினராகக் கருதுவது சரியன்று. ஜோ ஸ்மித் 1995 தேர்வில் முதலாமவர். ஜாக்சன் 1992இல் நான்காமவர். இவர்கள் பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கிப் பின்னர் அணி அணியாகச் சென்றவர்கள். பிரவுனும் மாசன்பர்க்கும் இரண்டாம் சுற்றில் தேர்வானவர்கள். தேர்விலேயே இடம்பெறாமல் இத்தனை அணிகளில் ஆடியவர் இஷ் ஸ்மித் மட்டுமே.

டென்வரில் நிக்கோலா யோக்கிச், ஜமால் மரி ஆகியோரே அணியின் தூண்கள். ஸ்மித் 43 பருவ ஆட்டங்களில் சிறிது நேரம் ஆடினார். பிளேயாஃப்சில் பெரும்பாலும் இருக்கையில்தான் இருந்தார். 2023 ஜூன் 12 அன்று மயாமி ஹீட் அணியை 4-1 என்ற கணக்கில் வென்று டென்வர் வாகை சூடியது. பிரவுன் (ஹியூஸ்டன், 1995), மாசன்பர்க் (சான் அன்டோனியோ, 2005) ஆகியோரைப் போல இவருக்கும் ஒரு மோதிரம் கிடைத்தது.

ஆட்ட முறை

ஸ்மித்தின் முதன்மையான வலிமை வேகம். எதிரணி தடுப்பை அமைத்துக்கொள்ளும் முன்பே பந்துடன் எதிர்க்கூடையை அடைந்துவிடுவார். ஓட்டத்தை திடீரென நிறுத்தி நடுத்தூரத்திலிருந்து எறிவதும் இவர் வழக்கம். மூன்று புள்ளி எறிதலில் சராசரிக்கும் குறைவானவர். தொலைவிலிருந்து எறியும் திறமையை ஆண்டுக்காண்டு கூடுதலாக எதிர்பார்த்த காலத்தில் இக்குறை இவருக்குப் பெரிதும் பாதகமாக அமைந்தது. அணிகள் இவரை விட்டதற்கு இதுவும், மீண்டும் அழைத்ததற்கு பந்தை இழக்காமல் ஆட்டத்தை நடத்தும் திறமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அனுபவமுள்ள ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கூடுதலாகும். ஆகவே அணிகள் அவர்களைத் தவிர்த்து இளைஞரை எடுக்கக்கூடும் என்பதால், ஓராண்டு ஒப்பந்தங்களில் கூடுதல் தொகையின் ஒரு பகுதியை என்.பி.ஏ. நிருவாகமே ஏற்கிறது. ஸ்மித் போன்றோர் முப்பது வயதுக்குப் பின்னும் இடம் பெற இவ்விதி துணை செய்கிறது.

2023 அக்டோபரில் ஷார்லட் அணி இவரை மீண்டும் அழைத்தது. முதன்மைப் பின்காவல் லமேலோ பால் பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தால் இழக்க, 35 வயதான ஸ்மித் 2023-24 பருவத்தை அங்கு ஆடி முடித்தார்.