காலப்பிரமாணம் எந்தக் கையில்? இடக்கையரும் கிட்டாரும்

இடக்கைப் பழக்கமுள்ள ஒருவர் கிட்டார் கற்க வந்தால் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ஃப்ரெட்டுகளில் தந்தியை அழுத்துவதுதான் கடினம், அதை உங்கள் நல்ல கையே செய்யப்போகிறது, எல்லாரையும் போலவே பிடியுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது உண்மையானால், பத்தில் ஒன்பது பேராக இருக்கும் வலக்கையர் அந்தக் கடினமான வேலையை நூற்றாண்டுக்கணக்கில் நொட்டாங்கையிடம் விட்டுவைத்தது ஏன்? லூட்டிலும் வயலினிலும் இதே ஏற்பாடுதான்.

அழுத்தும் விரல்கள் சுரத்தானத்தைத் தயாராக வைக்கின்றன. ஒலி எந்தக் கணத்தில், எவ்வளவு வலுவோடு பிறக்கவேண்டும் என்பது மீட்டும் கையின் பொறுப்பு. இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலைகளில் பழக்கம் குறைந்த கை முந்திப்போய்க் களம் அமைக்கிறது, தேர்ந்த கை அதற்குள் நுணுக்கமாக இயங்குகிறது என்று பிரெஞ்சு உளவியலாளர் ஈவ் கியார் 1987இல் வாதிட்டார். வலக்கையர் எழுதும்போது தாளை நகர்த்திக் கொடுப்பது இடக்கை அல்லவா? இதைக் கிட்டாருக்குப் பொருத்திப் பார்த்தால், காலப்பிரமாணம் மீட்டும் கையில் இருக்கிறது. தாளத்தை எந்தக் கையிடம் ஒப்படைப்பது என்பதே இடக்கையர் முன்னுள்ள கேள்வி.

கிட்டார் கலைஞர்களான மார்க் நாஃப்ளரும் கேரி மூரும் இடக்கையர்கள்; இருவரும் வலக்கையர் போலவே வாசித்தவர்கள். அவர்கள் வாசிப்பில் யார் குறை காணமுடியும்? ஆகவே நான் சொல்வதை விதியாகக் கொள்ளவேண்டாம். பழக்கினால் கை எதையும் கற்கும். எல்லாரையும் போலப் பிடிக்கச் சொல்வதற்கு நேர்மையான காரணம் கடையில் இருக்கிறது. அங்கே மாட்டியிருப்பவற்றில் இடக்கைக் கிட்டார் அபூர்வம். இடக்கைப் பிடிப்பில் பழகியவர் நண்பர் வீட்டுக் கிட்டாரை எடுத்து ஒரு பாட்டு வாசிக்கவும் முடியாது. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். கடினமான வேலை, நல்ல கை என்றெல்லாம் சுற்றிவளைக்க வேண்டியதில்லை.

வலக்கைக் கிட்டாரைத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டுவது இன்னொரு வழி. தடித்த தந்திக்காகக் கழுத்தின் நுனியிலுள்ள நட்டில் வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடும். அக்கூஸ்டிக் கிட்டாரில் மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் சேடில் சாய்வாகப் பதிந்திருப்பதால், மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போகப்போகச் சுருதி விலகும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்திக்கொரு தனிச் சேடில் இருப்பதால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். 1969இல் உட்ஸ்டாக்கில் இடக்கையாக ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வலக்கையருக்கானதுதான். அதைத் திருப்பியதும் சாய்ந்திருந்த பிரிட்ஜ் பிக்-அப்பின் சாய்வும் மாறியது: தடித்த தந்திகளின் ஒலி பிரிட்ஜுக்கு நெருக்கத்திலும் மெல்லியவற்றின் ஒலி சற்றுத் தள்ளியும் எடுக்கப்பட்டது. கீழ்ச்சுரங்கள் இறுகின, மேல்சுரங்களின் கூர் தணிந்தது. அவருடைய ஒலியில் ஒரு பங்கு இந்தத் திருப்பத்தைச் சேரும்.

இடக்கைக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் தந்தியைக்கூட மாற்றவில்லை. கிட்டாரை அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். கீழ்ச்சுரங்களை விரல்களும் மெட்டைக் கட்டைவிரலும் வாசித்தன. ஆல்பர்ட் கிங்கும் அப்படித்தான். பிறர் மேலே தள்ளி வளைக்கும் மெல்லிய தந்திகளை அவர் தரையை நோக்கி இழுத்தார்.

நம் கர்நாடக இசை மேடையில் இடக்கையரின் சிக்கல் உட்காரும் இடத்தில் எழுந்தது. மிருதங்கத்தின் வலந்தலை, பெயரிலேயே வலக்கையருடையது. இடக்கையரான மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு அது இடப்பக்கம். அது அவையை நோக்கவேண்டுமானால் அவர் மறுபக்கம் அமரவேண்டும், வயலின்காரர் இடம் விடவேண்டும்.

கிட்டாருக்குத் திரும்பினால், தந்தியை மாற்றிக் கட்டலாம் என்று இடக்கையரான பால் மெக்கார்ட்னிக்குத் தோன்றவைத்தது பாடகர் ஸ்லிம் விட்மனின் புகைப்படம். விட்மனோ பிறவியில் வலக்கையர். இறைச்சி ஆலை விபத்தில் இடக்கை விரலொன்றை இழந்ததால் கிட்டாரைத் திருப்பிக்கொண்டவர். இடக்கையரான கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965இல் பர்மிங்காம் தகட்டு ஆலையில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். அதுவும் அழுத்தும் கைதான். அவர் திருப்பவில்லை. பாத்திரம் கழுவும் திரவப் புட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கி நுனிகள் செய்தார், அவற்றின்மேல் தோல் ஒட்டினார், கிட்டாரில் மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கட்டினார். 1971இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி தொகுப்பின் பல பாட்டுகளில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். மீட்டும் இடக்கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.